பேஸ் பெட்டியும் வேப்பிலையும்

என் கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்ட ஆனி மாதத்தில், எங்கள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். மாரியாத்தா வந்திருக்கிறாள் என்றாள் அம்மா. வந்தது ஆத்தா இல்லை, அண்ணன் செய்த பெட்டி என்றேன் நான். அந்த வீட்டில் என் பேச்சை யார் கேட்டார்கள்?

அண்ணனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸுக்கு முகப்பு, மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி என்று ஃபைபரில் வார்க்கிற பட்டறை. அங்கே முதலாளியோடு முறைத்துக்கொண்டு ஊர் திரும்பினான். திரும்பியவன் ஒரு பழைய அம்பாசடரை வாங்கிக் கல்யாண வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தான். பெருநகரிலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில் எங்கள் ஊர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பொண்ணு மாப்பிள்ளை ஊர்கோலம் போக அப்போது ரெண்டே வண்டிதான். ஒன்று இவனுடைய அம்பாசடர். இன்னொன்று உத்திரமேரூரில் ஒருவர் வைத்திருந்த வேன். வேன்காரர் கூரைமேல் ரெண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். பாட்டுப் போட்டால் அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். அதனால் எல்லா வாடகையும் அவருக்கே போயிற்று.

அண்ணன் சும்மா இருப்பானா? மதராசில் எங்கேயோ ஒரு பணக்காரர் காரில் பாட்டுக் கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து அவனுக்கு ஒரு கொள்கை பிறந்துவிட்டது.

"கொயா ஸ்பீக்கர்லாம் ஒரு ஸ்பீக்கரா? பாட்டு காதுல கேக்கக் கூடாது. வயித்துல கேக்கணும்" என்பான்.

"வயித்துல கேக்கறது பசி" என்பார் நைனா. எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேசுவது குறைவு. பேசினால் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மூடிவிட்ட ஒரு டூரிங் கொட்டகையிலிருந்து சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தான். அதற்கு முதலில் பலகையில் பெட்டி அடித்துப் பார்த்தான். பெட்டியை வைத்தால் டிக்கி நிறைந்துவிட்டது. சீர்வரிசைப் பாத்திரத்துக்கு இடமில்லை. பாட்டுக்காகச் சீரை விட்டுவிட்டு வருகிற சம்பந்தி எந்த ஊரில் இருக்கிறார்? அதனால் டிக்கியின் மூலையில், சக்கரத்துக்கு மேலே வளைந்து வீணாய்க் கிடக்கிற இடத்தை அப்படியே அச்செடுத்ததுபோல ஃபைபரில் பெட்டி வார்ப்பது என்று முடிவு செய்தான். பாட்டின் கனத்த அடிச்சத்தத்துக்குப் பேஸ் என்று பெயராம், அதனால் அதற்குப் பேஸ் பெட்டி என்று பெயர் வைத்தான். சத்தம் வண்டிக்குள்ளும் வரட்டும் என்று பின்சீட்டுக்குப் பின்னால் இருந்த தகட்டில் ஓர் ஓட்டையும் வெட்டினான்.

"ஒன் ஊர்கோலத்துலதான் இது மொதல்ல பாடப் போவுது. அத்தப் பாத்துட்டு ஊரே நம்ம வண்டியக் கேக்கும்" என்றான் என்னிடம்.

என் மேல் பாசமா, வியாபார விளம்பரமா என்று அப்போது புரியவில்லை. ரெண்டும் கலந்துதான் இருந்திருக்கும்.

இப்போது மாப்பிள்ளையைப் பற்றி. அவருக்குச் சொந்த ஊர் மாகறல். உத்திரமேரூரில் புகைந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அண்ணன் வண்டி நிறுத்துகிற கொட்டகையும் அந்தக் கடையும் ஒட்டி ஒட்டி இருந்தன. எங்கள் பம்ப்செட் மோட்டார் புகைந்துபோனபோது அவர்தான் அதைக் கழற்றிக்கொண்டு போய், காயில் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்து மாட்டினார். நான் மோர் கொண்டுபோனேன். மோட்டாரைப் பார்த்தார், மோரைப் பார்த்தார், என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அண்ணன் மூலமாகச் சம்பந்தம் பேசி முடித்தபோது, வீட்டில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இல்லை.

ஆனால் ஒரு முள் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் எல்லாம் அவருடைய அம்மா வைத்ததுதான் சட்டம். அந்த அம்மாவின் தம்பிக்கு ஒரு பெண் இருந்தாள். மாமன் மகள், முறைப்பெண், கண்ணெதிரே அதே ஊரில். எங்கள் கல்யாணம் எங்காவது தட்டினால் அவள் தயாராக இருந்தாள். ஆனியில் நடக்காவிட்டால் அடுத்தது ஆடி. ஆடியில் யார் தாலி கட்டுவார்கள்? ஆவணி பிறந்ததும் மாமன் மகளே எனக்குப் பதிலாக மணையில் உட்கார்ந்துவிடுவாள். இந்தப் பயம் எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது.

பெட்டி வேலை கொட்டகையில் நடந்தது. நான் அந்தப் பக்கமே போகக் கூடாது, பக்கத்துக் கடையில் மாப்பிள்ளை இருக்கிறார் என்று அம்மாவின் உத்தரவு. ஆகவே நான் சொல்வதெல்லாம் அண்ணன் வாயால் பிறகு நூறு தடவை கேட்டது. ரெசின் என்று ஒரு பாகு. அதில் ஹார்டனரைக் கலந்தால் கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகும். ஹார்டனர் கூடிப்போனால் டப்பாவே அடுப்பில் வைத்ததுபோலச் சுடும். கண்ணாடி நாரை வெள்ளைக் கம்பளிபோல விரித்து, அதன்மேல் ரெசினைப் பிரஷ்ஷால் பூசிப் பூசி அடுக்க வேண்டும். வண்டித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பட்டறையில் மெழுகு தடவுவார்களாம். இவன் வாழையிலை விரித்தான். அதுவும் பந்தியில் விரிப்பதுபோல, நுனி இடது பக்கம் வருகிற மாதிரி. பழக்கம் கையை விட்டுப் போகுமா?

ஸ்பீக்கர் உட்காரும் முன்பக்கத்துக்கு ஒரு பலகை வளையத்தை நிறுத்தி, அதைச் சுற்றித் துணியை முறுக்கி இழுத்துக் கட்டி, துணிமேல் ரெசின் பூச வேண்டும். துணிக்கு எங்கே போனான் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நைனா மட்டும் கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்த பச்சைக்கரை எட்டு முழ வேட்டியைக் காணோம் என்று பெட்டியிலும் பரணிலும் தேடிக்கொண்டிருந்தார்.

இறுகிய பெட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால்தான் வழவழப்பு வரும். அந்த வேலைக்கு மாப்பிள்ளையும் வந்து குந்திக்கொண்டாராம்.

"மாப்ளயும் நானும் நாளெல்லாம் தேச்சோம். அவருக்குக் கையில நல்ல வேல கீது" என்று வந்து சொன்னான் அண்ணன்.

எங்கள் ஊர்கோலத்தில் பாடப்போகும் பெட்டியை அவரே தேய்க்கிறார் என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மயக்கத்தில்தான் அண்ணனின் சட்டையை வாங்கி, என் தாவணி, அம்மாவின் புடவை, போர்வை எல்லாவற்றோடும் ஒரே அண்டாவில் ஊறப்போட்டுத் துவைத்தேன். நைனா மட்டும் தன் வேட்டியையும் துண்டையும் காலையில் கால்வாயிலேயே அலசிக்கொண்டு வந்துவிடுவார். யார் கைக்கும் கொடுக்க மாட்டார்.

மறுநாள் அண்ணனுக்கு அரிப்பு. முழங்கையிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாய்ப் பொரி. அடுத்து எனக்கு. பிறகு அம்மாவுக்கு. அம்மா விளக்கைக் கொண்டுவந்து அண்ணன் முதுகைப் பார்த்தாள். உடனே கையைக் கூப்பிவிட்டாள்.

"அம்ம வாத்துகீது. மூணு பேருக்கும் வாத்துகீது. தாயே, கண்ணாலத்த வெச்சிக்கினு இப்பயா வருவ?"

"அது தூசிம்மா. அண்ணன் தேச்ச தூசி."

"வாய்ல அடி. ஆத்தாவத் தூசின்றா!"

இந்த இடத்தில் விஷயம் தெரிந்தவன் அண்ணன். அம்பத்தூரில் வருஷக்கணக்கில் ஃபைபரோடு வாழ்ந்தவன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் எங்களில் முதலில் பயந்தவனே அவன்தான். பட்டறையில் அவன் வார்க்கிற ஆள். தேய்க்கிற வேலை வேறு ஆட்களுக்கு. தவிர, வண்டி வாங்கியபோது ஊர் எல்லையில் இருக்கிற மாரியாத்தா கோவிலில் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, உடைக்காமலே கோவிலைத் தாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். மனசாட்சியே அரித்திருக்கும்.

"எனக்கும் ஆத்தான்னுதான் தோணுது" என்று சொல்லிவிட்டு வேப்பிலைமேல் படுத்துக்கொண்டான்.

அதோடு வீடு மாறிப்போயிற்று. தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் ஆத்தாவுக்கு ஆகாது. குளிக்கக் கூடாது. சோப்பு என்று வாயால்கூடச் சொல்லக் கூடாது. துணியை மாற்றினால் கொடியில் கிடக்கிறதைத்தான் எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். வெளியார் வரக் கூடாது, நாங்கள் வெளியே போகக் கூடாது. ஆத்தா இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் இதுதான் வாழ்க்கை. நைனாவுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

"மாட்டுக்குத் தண்ணி காட்ட ஒரு ஆள் வோணும்னு ஆத்தாவுக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

ஆத்தா இறங்கவில்லை. எப்படி இறங்குவாள்? கண்ணாடித் தூள் ஏறிய துணியைக் கட்டிக்கொண்டு, கண்ணாடித் தூள் ஏறிய போர்வையில் படுத்து, குளிக்காமல் இருந்தால் அரிப்பு எங்கே போகும்? நாளுக்கு நாள் கூடியது. கூடக் கூட அம்மா வேப்பிலையைக் கூட்டினாள்.

அந்த வாரம்தான் காஞ்சிபுரத்தில் ரெண்டு வீட்டாரும் சேர்ந்து கூறைப்புடவை எடுப்பதாக இருந்தது. வீட்டில் அம்மை என்று சம்பந்தி வீட்டுக்குச் சொன்னால் கல்யாணம் அன்றைக்கே நின்றுவிடும். அம்மா யோசித்து, பசுமாடு கன்று போடுகிற நேரம், வர முடியாது என்று நைனாவிடம் சொல்லி அனுப்பினாள். நைனா பஸ் கண்டக்டரிடம் சொன்னார். அதே கண்டக்டர் திரும்பி வருகையில் மாகறலிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தார். அவர்களும் வர முடியாதாம். வீட்டுக்கு ஓடு மாற்றுகிறார்களாம்.

"பட்டு எடுக்கற நேரத்துல எவனாவது ஓடு பிரிப்பானா? தம்பி மவள முடிச்சிட்டாங்கடி" என்று அம்மா வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆத்தாமேல், அண்ணன்மேல், பார்த்தே இராத அந்த மாமன் மகள்மேல், ஓடுமேல். அந்தக் கோபத்தில் ஒரு துண்டுச் சவுக்காரத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரம் பம்ப்செட்டுக்கு ஓடினேன். சுவிட்சைப் போட்டேன். அவர் காயில் கட்டிய மோட்டார். ஒரு முனகல்கூட இல்லாமல் எடுத்தது. தொட்டியில் விழுந்த தண்ணீரில் சவுக்காரம் போட்டு உடம்பெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். ஆத்தா கண்ணைக் குத்துவாளோ என்று ஒரு பக்கம் பயம். சுகமோ சுகம் இன்னொரு பக்கம். குளித்து எழுந்தால் அரிப்பு பாதிகூட இல்லை. ஆனால் கொண்டுபோன மாற்றுத் தாவணியைக் கட்டியதும் மறுபடி கழுத்தில் பிடுங்கியது.

ஈரத்தோடு வீட்டுக்கு வந்து, ட்ரங்குப் பெட்டியின் அடியில் அந்துருண்டை வாசத்தோடு கிடந்த பழைய பாவாடை தாவணியை எடுத்துக் கட்டினேன். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். நான் சொன்னதில் சவுக்காரம் என்ற ஒரு வார்த்தைதான் அவள் காதில் விழுந்தது.

"ஆத்தா கீறப்ப சவுக்காரம் போட்டியா? குடும்பத்தயே சாப்ட்ருவாளே!"

"அந்தத் துணியாலதாம்மா வர்து. வோணும்னா நைனா கையில தேச்சிக் காட்றேன். அவருக்குத்தான் ஒண்ணும் இல்லியே."

நைனா முழங்கையை நீட்டினார். அண்ணன் சட்டையை எடுத்து நன்றாகத் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் சொறிய ஆரம்பித்தார். வெற்றியோடு அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "பாத்தியா? நீ சவுக்காரம் போட்ட கோவத்துல அந்த மனுசனுக்கும் வாத்துடுச்சி!"

நைனா என்னை ஒரு பார்வை பார்த்தார். போய் வேப்பிலை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து மாட்டுக்கு நான்தான் தண்ணீர் காட்டினேன்.

ரெண்டொரு நாள் கழித்து, வெயில் ஏறிய நேரத்தில் வாசலில் ஒரு குரல். எட்டிப் பார்த்தால் மாப்பிள்ளையின் அம்மா. மாகறலிலிருந்து ஒண்டியாக பஸ் ஏறி வந்திருக்கிறார். வாட்டசாட்டமான உடம்பு, வாயில் வெற்றிலை. தெருவில் புங்க மரத்தடியில் நின்றுகொண்டு, எங்கள் வீட்டைக் கூரையிலிருந்து வாசற்படி வரை அளந்துகொண்டிருந்தார்.

"கண்ணுக்குட்டியப் பாக்கலாம்னு வந்தேன்" என்றார். "காளயா, கெடேரியா?"

அம்மா கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். "உள்ள வராதீங்க சம்பந்தி" என்று மட்டும் அங்கிருந்து குரல் வந்தது.

"ஏன், கண்ணுக்குட்டி முட்டுமா?"

அதற்குள் அவர் கண் வாசல் நிலையில் தொங்குகிற வேப்பிலையில் விழுந்துவிட்டது. முகம் மாறியது. என் கல்யாணம் அந்த முகத்தில் முடிந்துபோனதைப் பார்த்தேன். இனி என்ன, பஸ் ஏறி நேரே தம்பி வீட்டுக்குத்தான் போவார்.

ஆனால் அவர் போகவில்லை. நின்ற இடத்திலேயே முதுகை மெல்லப் புங்க மரத்தில் வைத்து, மேலும் கீழும் ஒரு தேய் தேய்த்துக்கொண்டார். எருமை தேய்த்துக்கொள்வதுபோல. நான் அதைப் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

பயம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டேன்.

"அத்த, ஒங்க வூட்ல ஓடு மாத்தறாங்களா, வேப்பல கட்டிக்கீதா?"

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா "அய்யோ" என்றாள். வருங்கால மாமியாரிடம் இப்படிப் பேசுகிற பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள்?

அவர் வெற்றிலையை ஓரமாகத் துப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பையனுக்கு வாத்துகீது. அப்பறம் எனக்கும். வெளிய சொன்னா கண்ணாலம் நின்னுடும்னு ஓடுன்னு சொன்னோம். நீங்க கண்ணுக்குட்டின்னீங்க. என் தம்பி, பொண்ணு வூட்ல பின்வாங்கறாங்கன்னான். அதான் நானே பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"அவருக்கு ஜொரம் கீதா அத்த?"

"ஜொரமா? காலைல நாஷ்டா, மத்தியானம் சோறு, ராத்திரிக்குக் களி. ஒரு வேள விடல."

"எங்க அண்ணனும் அதேதான். ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து தேச்சப்பறம்தான் வந்துச்சி. அவரு துணிய யாரு தொவச்சது?"

"நான்தான்."

"ஒங்க துணியோட சேத்தா?"

அவர் கையை நீட்டினார். நான் என் கையை நீட்டினேன். நடுத்தெருவில் ரெண்டு பேரும் முழங்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவர் கையில் சிவப்புப் பொரி. என் கை சுத்தம். சவுக்காரக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். நைனா கையில் தேய்த்ததையும் சொன்னேன். அதைக் கேட்டுச் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். "இவ பேச்ச நம்பாதீங்க சம்பந்தி. ஆத்தா வரலன்னு சொல்றா. அப்டி சொல்லலாமா?"

"வர்லன்னு சொல்ல நாம யாரு சம்பந்தி?" என்றார் அவர். "வந்தா. ரெண்டு வூட்டுக்கும் ஒண்ணா வந்தா. பொருத்தம் பாத்தா. பூட்டா. இன்னிக்கே தலைக்குத் தண்ணி ஊத்துங்க, நானும் போய் ஊத்தறேன். வேப்பலய எடுத்து ஏரில வுட்ருங்க. அவளுக்குக் கூழு ஊத்திட்டு வேலயப் பாப்போம்." முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "தண்ணி ஊத்தறப்ப சவுக்காரமும் போடுங்க. துணியெல்லாம் தனியா அலசுங்க. அதுல ஒண்ணும் ஆத்தாவுக்குக் கொறச்சல் இல்ல" என்றார்.

நான் கத்திக் கத்திச் சொன்னபோது ஏறாதது, இப்போது அம்மாவுக்கு ஒரே மூச்சில் ஏறிற்று. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே மாமியார் காலில் விழ வேண்டும்போல இருந்தது. விழுந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று காலை உருவிக்கொண்டு கிளம்பினார்.

"கண்ணுக்குட்டி இல்லங்கறத யாருகிட்டயும் சொல்லாதீங்க. நானும் கூரைல ரெண்டு ஓடாவது மாத்தி வெக்கறேன்" என்று சாலையிலிருந்து சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் மாரியாத்தாவுக்கு ஒன்றுக்கு மூன்றாகத் தேங்காய் உடைத்தான். கல்யாணம் குறித்த நாளில், மாப்பிள்ளை ஊரிலேயே, எங்கள் பக்கத்து வழக்கப்படி நடந்தது. நாங்கள் ஊரிலிருந்து கிளம்புகிற காலையில் சீர்த்தட்டு வைக்க நைனா டிக்கியைத் திறந்தார். வெல்லப்பாகு நிறத்தில் பேஸ் பெட்டி உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டில் வாழையிலை நரம்பு அச்சுப் பதிந்திருந்தது. முன்பக்கத்தில், ரெசினுக்குள்ளே, தேடித் தேடிக் கிடைக்காத வேட்டியின் பச்சைக்கரை பளிச்சென்று தெரிந்தது. நைனா அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் பல வருசம் உயைக்கும்" என்றார்.

சாயங்காலம் ஊர்கோலம். பின்சீட்டில் நானும் மாப்பிள்ளையும், கழுத்துக்கு அடங்காத மாலையோடு. முன்சீட்டில் அண்ணன் பக்கத்தில் மாமியார், கையில் பனையோலை விசிறி. அதுவரைக்கும் என் வீட்டுக்காரரும் நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மோர் கொடுத்த அன்றும் பேசவில்லை, தாலி கட்டும்போதும் பேசவில்லை. மாகறல் தெருவே ரெண்டு பக்கமும் நின்றது. முன்வரிசையில் மாமன் மகளும் நின்றாள். பாவம், நல்ல களையான பெண்தான். அண்ணன் கேசட்டைப் போட்டான்.

தும்.

சொன்னதைச் செய்துவிட்டான். பாட்டு வயிற்றில்தான் கேட்டது. கண்ணாடி அதிர்ந்தது, குழந்தைகள் கத்தினார்கள், தெரு நாய் ஒன்று எங்கேயோ ஓடியே போயிற்று. வேன்காரரின் ஆள் ஒருத்தன் கூட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றதாக அண்ணன் பிற்பாடு சொல்லிச் சொல்லிப் பூரித்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஒரு பத்து வீடு தாண்டுகிற வரைக்கும்.

பெட்டியின் வெளிப்பக்கத்தை எல்லாரும் துடைத்தார்கள். உள்பக்கத்தை யார் துடைத்தார்கள்? உள்ளே தங்கியிருந்த கண்ணாடித் தூள் ஒவ்வொரு தும்முக்கும் ஒரு பிடி கிளம்பி, பின்சீட்டு ஓட்டை வழியாக எங்கள் பிடரியில் வந்து விழுந்துகொண்டிருந்தது. முதலில் கழுத்து. பிறகு ரவிக்கைக்குள் முதுகு. ஊர் மொத்தமும் பார்க்கிறது. புதுப்பெண் தலை நிமிரக் கூடாது, கை அசைக்கக் கூடாது. மாமன் மகள் வேறு பார்க்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓரக்கண்ணால் பார்த்தால், பக்கத்தில் அவருடைய கை மாலைக்கு அடியில் மெல்ல மெல்லக் கழுத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னா, பொண்ணு நெளியுது?" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் சத்தமாகவே கேட்டார்.

"புதுப் பட்டு. நெளியாம இன்னா பண்ணும்?" என்று மாமியார் முன்சீட்டிலிருந்து ஒரு அதட்டு அதட்டினார்.

அவர் திரும்பியே பார்க்கவில்லை. திரும்பாமலே, விசிறியை மட்டும் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினார்.

"இந்தாடா. ரொம்பப் புழுக்கமா கீது. பொண்ணுக்கு விசிறி வுடு" என்றார், தெருவெல்லாம் கேட்கும்படி.

நீட்டியதைப் பார்த்தேன். ஓலைப்பக்கம் அவர் கையில். காம்புப்பக்கம் எங்களை நோக்கி.

என் வீட்டுக்காரர் அதை வாங்கினார். மாலை மறைவில் என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தார். ஜென்மத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"எங்க? கழுத்தா, முதுகா?"

"முதுகு" என்றேன்.

விசிறிக் காம்பு என் முதுகில் இறங்கியது. சரியான இடத்தில் இறங்கியது. ஓலை மேலே ஆட, காம்பு கீழே வேலை செய்ய, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தெருவில் நின்ற பெண்கள் அதைப் பார்த்தார்கள்.

"பாரேன், இப்பவே எப்டி விசிறி வுட்றாரு!" என்றாள் ஒருத்தி. "குடுத்து வெச்சவ."

அவள் சொன்னது நிஜம்தான். அடுத்த திருப்பத்தில் நான் விசிறியை வாங்கி அவருக்கு வீசினேன்.